எண்ணெய்க் கப்பல் ரொட்ரிகோ

தலைநகரில் நான் குமாஸ்தாவாக இருக்கும் கடற்படை விவகார அலுவலகம் செபஸ்தியான் ரொட்ரிகோவைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஏமாற்றியது. கோபத்தில் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோப்பு என் மேஜையில் இருந்தது. படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவர் இறந்த செய்தி சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. அவர் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து ஒரு பியூன் சைக்கிளில் வந்து சொன்னான். காலையில் பால் பூத் வரிசையில் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பதைத் தொடாத வயது. எங்கள் செக்‌ஷன் ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். "அரே, பேச்சாரா" என்றார், ஐயோ பாவம் என்று. அந்த வருத்தம் உண்மையானதுதான். அது ஒரு நிமிடம் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "சலோ, அப் வோ ஃபைல் பந்த் கர் தோ" என்றார். மனு போட்ட ஆள் இல்லை, கோப்பை மூடு.

இதைப் படிக்கிறவர்களில் பலர் ரொட்ரிகோவை அறிந்தவர்கள். லக்ஷ்மிபாய் நகர் பஸ் நிறுத்தத்தில் பார்த்திருப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்த்திருப்பீர்கள். தூத்துக்குடிக்காரர், ஊருக்கே கேட்கும்படி பேசுபவர், இடது கையில் இரண்டு விரல் இல்லாதவர். லோதி ரோடு பக்கம் ஓர் அலுவலகத்தில் தஃப்தரி, அதாவது கோப்புகளைத் துளையிட்டுத் தைத்துக் கட்டும் கடைநிலை ஊழியர். விரல் போனபின் அரசாங்கம் கொடுத்த வேலை அது; அதற்கு முன்னால் கடற்படையின் எண்ணெய்க் கப்பல் ஒன்றில் வின்ச் என்ற வடம் சுற்றும் இயந்திரத்தை ஓட்டியவர் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் சொல்லாமல் விட்டிருக்கமாட்டார். அந்தக் கோப்பில் என்ன இருந்தது என்பது தெரிந்திருக்காது.

முதலில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. மதிய இடைவேளையில் வந்து என் மேஜைக்கு முன்னால் நிற்பார். நான் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

"சார் தமிழாளுல்லா?"

"ஆமா."

"எந்தூரு?"

"ஆம்பூர் பக்கம்."

"கடல் பாத்திருக்கியளா?"

"மெட்ராஸ்ல பாத்திருக்கேன்."

"அது கரை. நான் கடலைக் கேட்டேன்."

பக்கத்து மேஜைக்காரர்கள் பாஷை புரியாமலே சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யுத்தத்தில் இறந்த கடற்படையினரின் பெயர்களைப் பொறித்த பலகை ஒன்று துறைமுகத்தில் இருக்கிறது. அதில் காதர் மீரான் என்ற பெயர் இல்லை. சேர்க்க வேண்டும். மீரான் கீழக்கரைக்காரர், அதே எண்ணெய்க் கப்பலில் கூட வேலை செய்தவர், யுத்த சமயத்தில், நடுக்கடலில், போர்க்கப்பலுக்கு எண்ணெய் கொடுக்கும்போது இறந்தவர். கல்யாணம் ஆகவில்லை. தாயார் மகன் போன ஒரு வருடத்தில் தானும் போய்விட்டார். ரொட்ரிகோவைத் தவிரக் கேட்க ஆள் கிடையாது. அவர் வருடத்துக்கு ஒரு மனு போட்டார். நாங்கள் வருடத்துக்கு ஒரு பதில் போட்டோம்: "தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்." அவற்றில் இரண்டை நான் தட்டச்சு செய்திருக்கிறேன்.

எண்ணெய்க் கப்பலில் இருந்தவன் எப்படிப் போர்வீரன் ஆவான் என்றுதான் நானும் அப்போது நினைத்தேன். ஒருநாள் மாலை லோதி ரோடு நிறுத்தத்தில் அவரிடம் கேட்டும்விட்டேன். அந்த நேரத்தில் இரண்டு பஸ்கள் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வந்துகொண்டிருந்தன. ரொட்ரிகோ என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"அந்த ரெண்டு பஸ்ஸையும் பாரும் தம்பி. இந்த பஸ்ல இருந்து அந்த பஸ்ஸுக்கு டீ ஊத்தணும். நிக்கக் கூடாது, சிந்தக் கூடாது, முட்டக் கூடாது. ரோடும் மேலயும் கீழயும் ஆடிட்டே இருக்கும். இதான் எங்க வேலை."

"நிறுத்திட்டு ஊத்தலாமே?"

"நின்னா எதிரி அடிப்பான்லா."

பிறகு வந்த பஸ்களை எல்லாம் விட்டுவிட்டு எனக்குப் பாடம் நடத்தினார். போர்க்கப்பல் வேகமாக ஓடினால் சில நாட்களில் எண்ணெய் தீர்ந்துபோகும். ஒவ்வொரு தடவையும் துறைமுகத்துக்குத் திரும்பினால் கடலில் காவல் இருக்க ஆள் இருக்காது. ஆகவே எண்ணெய், குடிதண்ணீர், அரிசி, உருளைக்கிழங்கு, குண்டு, தபால் எல்லாவற்றையும் துணைக் கப்பல்கள் நடுக்கடலுக்குக் கொண்டுபோகின்றன. எண்ணெய்க் கப்பல் தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போய்க்கொண்டே இருக்கும். போர்க்கப்பல் அதன் பக்கத்தில் வந்து அதே வேகத்துக்கு இறங்கும். துப்பாக்கியால் ஒரு மெல்லிய கயிற்றை இங்கிருந்து அங்கே சுடுவார்கள். அதில் கட்டிப் பெரிய கயிறு போகும், அதில் கட்டி இரும்புக் கம்பிவடம் போகும். வடத்தின் மேல் கொடியில் துணி தொங்குகிற மாதிரி எண்ணெய்க் குழாய் தொங்கும். பக்கத்தில் ஓடும் கப்பல்களைத் தண்ணீரே ஒன்றை நோக்கி ஒன்றை இழுக்கும், அலை பிரிக்கும். அந்த இழுப்புக்கும் பிரிப்புக்கும் ஏற்ப வடத்தை விட்டும் சுற்றியும் கொடுக்கிறவர்தான் வின்ச்சுக்காரர். மணிக்கணக்காக நிற்க வேண்டும்.

"தபால் மூட்டை போறப்ப அந்தக் கப்பல்ல அம்புட்டுப் பேரும் கை தட்டுவானுவ. எண்ணெய்க்கு ஒருத்தனும் தட்டமாட்டான். சண்டைக் கப்பலுக்குப் பேரு உண்டு தம்பி, எண்ணெய்க் கப்பலுக்கு வேலை உண்டு."

அந்த ஜனவரியில் குடியரசு தின ஒத்திகை பார்க்க ராஜ்பத்துக்குப் போனோம். குளிரில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு மணி நேரம் நின்றோம். கடற்படையின் வண்டி வந்தது. மேலே பலகையால் செய்த போர்க்கப்பல், பலகைப் பீரங்கி, வெள்ளைச் சீருடையில் விறைப்பாக நிற்கும் இளைஞர்கள். கூட்டம் கை தட்டியது. ரொட்ரிகோ இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, "ஏல, எண்ணெய் எங்கல?" என்று கத்தினார். போலீஸ்காரர் ஓடிவந்தார். ரொட்ரிகோ தன் ஹிந்தியில் அவரிடமே கேட்டார்: "தேல்! தேல் கிதர் ஹை?" போலீஸ்காரர் குழம்பிப்போய், எண்ணெய் ரேஷன் கடையில் கிடைக்கும், இங்கே எதற்கு வந்தாய் என்று திட்டினார். திரும்பும் வழியெல்லாம் ரொட்ரிகோ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வண்டியில் ஓர் எண்ணெய்க் கப்பலுக்கு இடமில்லாமல் போனது யாருடைய கைத்தவறும் இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. சீருடை இல்லாதவனின் உழைப்பு இந்த நகரத்தில் எங்கே கண்ணுக்குத் தெரிகிறது? இந்தக் காலனிகளைக் கட்டிய சேலம், விழுப்புரம் ஜனங்கள் இன்னும் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறார்கள்.

அந்தக் கோடையில் பழைய கோப்புகளைக் கழிக்கச் சொல்லி என்னை ரெக்கார்டு அறைக்கு அனுப்பினார்கள். மீரான் கோப்பின் முதல் பாகம் அங்கே கிடந்தது. பத்து வருடமாகப் பதில் எழுதிய யாரும் அதைப் பிரித்த அடையாளம் இல்லை. உள்ளே சாவு பற்றிய விசாரணையின் காகிதம் இருந்தது. கேள்வியும் பதிலும்.

இறந்தவர் தளத்தில் போட்ட சிவப்புக் கோட்டைத் தாண்டினாரா? தாண்டினார். வடம் இறுக்கத்தில் இருக்கும்போது கோட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி அவருக்குத் தெரியுமா? தெரியும்.

கீழே சாட்சியின் கையெழுத்து. செ. ரொட்ரிகோ.

அதற்கு அடுத்த பக்கத்தில் யாரோ ஓர் அதிகாரி எழுதியிருந்தார்: சாட்சியின் வாக்குமூலத்தின்படி இறந்தவர் தன் கவனக்குறைவால் விபத்தில் இறந்திருக்கிறார், இது போர்ச் சாவு ஆகாது, மனுதாரருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டியதில்லை.

நான் ஏமாற்று என்று சொல்வது இதைத்தான். எந்த மனிதனின் வார்த்தையை வைத்து மறுத்தார்களோ அந்த மனிதனுக்கே அதைச் சொல்லாமல், வருடா வருடம் வருந்துகிறோம் என்று எழுதி அனுப்பினார்கள்.

கோப்பில் இருப்பதை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. மறுநாளே சொன்னேன். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடை உண்டு. ரொட்ரிகோ கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"அதுவா காரணம்?"

"அதுதான். உங்க கையெழுத்து."

"தாண்டுனானான்னு கேட்டாவ. தாண்டுனான்னேன். ஏன் தாண்டுனான்னு ஒருத்தரும் கேக்கலையே தம்பி."

"நான் கேக்கறேன். ஏன் தாண்டினாரு?"

முதல் முறையாக அவர் சின்னக் குரலில் பேசினார். "நான் கூப்பிட்டேன்."

நடந்தது இது. எண்ணெய் போய்க்கொண்டிருக்கும்போது போர்க்கப்பலில் அபாய மணி அடித்தது. கீழே எதிரியின் நீர்மூழ்கி இருக்கலாம் என்று சந்தேகம். அந்த மாதிரி நேரத்தில் எண்ணெயை நிறுத்தி, எண்ணெய்க் கப்பல் வடத்தைத் தளர்த்த வேண்டும்; போர்க்கப்பல் தன் பக்கத்துக் கொக்கியைத் தட்டிக் கழற்றிக்கொண்டு விலக வேண்டும். ஒரு நிமிட வேலை. ரொட்ரிகோ நெம்புகோலை இழுத்தார். வின்ச் உருளையைப் பிடித்திருந்த இரும்புப் பல் இறுகிப்போய், உருளையை விடவில்லை. போர்க்கப்பல் திரும்பத் தொடங்கிவிட்டது, வடம் முறுக்கேறியது. பல்லைச் சுத்தியால் தட்ட வேண்டும். அந்தப் பல் இருந்தது சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம். ரொட்ரிகோ நெம்புகோலை விட்டுவிட்டுப் போக முடியாது. "மீரான், பல்லைத் தட்டுல!" என்று கத்தினார். மீரான் ஓடி வந்து மூன்று அடி அடித்தார். பல் விடுபட்டது. வடம் பாய்ந்தது, அந்தப் பக்கம் கொக்கி கழன்றது, இருநூறு முந்நூறு பேரோடு போர்க்கப்பல் விலகிப் போயிற்று. அவிழ்ந்த வடம் சாட்டை மாதிரி திரும்பி வந்து மீரானை நெஞ்சில் அடித்தது. நெம்புகோல் உதறியதில் ரொட்ரிகோவுக்கு இரண்டு விரல் போயிற்று.

"அந்தக் கப்பல்காரனுக்கு மீரான் பேரே தெரியாது" என்றார்.

நான் இரக்கமில்லாமல் கேட்டேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தேன். மக பொறந்து எட்டு மாசம். விதியை மீறச் சொன்னது நாந்தான்னா வேலை போயிரும்லா. கேட்டாவ, கேட்டதுக்கு மட்டும் சொன்னேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுதவன் பாதிப் பொய்யன் தம்பி."

அடுத்த மனுவை நான் அவருக்காக ஆங்கிலத்தில் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். உண்மை வந்துவிட்டால் கோப்பு திறந்துகொள்ளும் என்று நம்பினேன். அது என் முட்டாள்தனம். அலுவலகம் அந்த மனுவில் மீரானைப் பார்க்கவில்லை, ரொட்ரிகோவைப் பிடித்துக்கொண்டது. விசாரணையில் முக்கியமான விவரத்தை மறைத்ததற்காக உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அவருடைய அலுவலகத்தின் வழியாக ஒரு மெமோ போயிற்று. அதையும் தட்டச்சு செய்தவன் நான். வேலை போகலாம். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும்.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பிலோமி கதவைத் திறந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. எங்க வீட்டு அடுப்புல தண்ணி ஊத்திட்டு வந்திருக்கிய. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

"ஏட்டி, சும்மா கெட" என்றார் ரொட்ரிகோ.

"நான் சும்மாதான் கெடக்கேன். பொம்பளப் பிள்ளைய வச்சிக்கிட்டு ரோட்டுல நிக்கப் போறது நான்லா. செத்தவன் வந்து வீடு தருவானா?"

"செத்தவன்தாம்டி இத்தன வருசம் தந்தான். பழி அவன்மேல போனதாலதான என் வேலை தப்பிச்சுது."

பிலோமி அக்கா அடுப்படிக்குப் போனார். காப்பி கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தம்ளர் தரையில் இடித்த சத்தத்தில் மீதிப் பேச்சு இருந்தது. ரொட்ரிகோ மட்டும் சந்தோஷமாக இருந்தார். எனக்கு அது விளங்கவில்லை. வாசல்வரை வந்து விளக்கினார்.

"தம்பி, நான் ஃபைலைத் தைச்சுத் தைச்சுத்தான் வயசானவன். என்னைத் தண்டிக்கணும்னா ஆர்டர் போடணும். ஆர்டர்ல காரணம் எழுதணும். என்ன எழுதுவாவ? கோட்டைத் தாண்டச் சொன்னது ரொட்ரிகோன்னு எழுதணும். அப்ப மீரான் கவனக்குறைவு இல்ல, சொன்ன வேலையைச் செஞ்சவன். ரெண்டும் ஒரே காயிதம். என் தண்டனை வந்தா அவன் பேரும் வந்துரும்லா."

மெமோவுக்கு அவரே தமிழில் பதில் எழுதினார். செக்‌ஷன் ஆபீசர் அதை மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் தந்தார். மீரானைக் கோட்டைத் தாண்டக் கூப்பிட்டது நான்தான், நடவடிக்கை எடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை, சீக்கிரம் எடுங்கள் என்று இருந்தது. தன்னைத் தண்டிக்கும்படி அவசரப்படுத்திய அரசாங்க ஊழியரை நான் வேறு பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நான்கு மாதம், மதிய இடைவேளை தவறாமல் வந்து கேட்டார்: "எனக்குத் தண்டனை வந்துட்டா?" என் செக்‌ஷனில் எல்லோரும் அந்த ஒரு தமிழ் வாக்கியத்தைக் கற்றுக்கொண்டு, அவர் தலை தெரிந்ததும் தாங்களே சொல்லிச் சிரித்தார்கள். மேலே இருந்தவர்கள் சிரிக்கவில்லை. ரொட்ரிகோவின் கணக்கு அவர்களுக்கும் புரிந்துவிட்டது. தண்டித்தால் பெயரை எழுத வேண்டும். மன்னித்தால் எதை மன்னித்தோம் என்று எழுத வேண்டும். ஆகவே இரண்டும் செய்யாமல் கோப்பை மேஜைக்கு மேஜை நகர்த்தினார்கள். பால் பூத் வரிசை அவர்களுக்கு உதவி செய்தது.

அடக்கத்துக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து நான் மட்டும் போனேன். பெட்டியை இறக்கியதும் பிலோமி அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "தம்பி, தண்டனை ஆர்டர் எதுவும் வந்துட்டா?" வீடு போய்விடுமோ என்ற பயத்தில் கேட்கிறார் என்று நினைத்து, வரவில்லை, இனி வராது, வீட்டுக்கும் உடனே ஆபத்தில்லை என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "வந்திருக்கலாமே" என்றார்.

ரொட்ரிகோவை வீரர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் பயந்தவர், பயத்தில் உண்மையில் பாதியை மட்டும் கொடுத்தவர். மீதிப் பாதியைக் கொடுக்க, வாங்குவதற்கு ஆள் இல்லாத ஒரு கட்டடத்துக்கு மதிய வெயிலில் நடந்து நடந்து வந்தவர். அந்த நடைதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கிறது. இதை அச்சில் போட்டதற்காக எனக்கும் ஒரு மெமோ வரும். வரட்டும்.

கோப்பை மூடுவதற்கான குறிப்பை எழுதச் சொன்னார்கள். மூடுவதற்கு எழுதவில்லை. வின்ச், பல், சிவப்புக் கோடு, மீரானைக் கூப்பிட்ட குரல் எல்லாவற்றையும் எழுதினேன். சாட்சி தன் கைப்பட எழுதியது கோப்பில் இருப்பதால், காதர் மீரானின் பெயரைப் பலகையில் பொறிக்க உத்தரவிட வேண்டும் என்று முடித்து, சென்ற வெள்ளிக்கிழமை செக்‌ஷன் ஆபீசரின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். படித்தார். மூடி, தட்டில் எல்லாவற்றுக்கும் அடியில் செருகினார். வேறொரு கோப்பை எடுத்தார்.

"ஒரு பேர்தான் சார். எப்ப எழுதுவீங்க?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

அவர் அந்த வேறு கோப்பில் கையெழுத்துப் போட்டு, தலையைத் தூக்காமல் என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. இன்னொரு முறை கேட்டேன். கோப்பு நீட்டியபடியே இருந்தது.